வலது காதில் சொன்ன ரகசியம்

ஒரு பஸ் நிறையப் பெண்கள், உலகத்தில் இல்லாத ஒருத்திக்காகக் கத்திச் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன். சண்டையை மூட்டிவிட்டவளும் நான்தான்.

முதல் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் நேரம். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடும். ஒரகடம் கூட்ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எங்கள் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதையில் வருகிறவள் பெயர் கலைச்செல்வி. பிஸ்கட் கம்பெனியில் வேலை. அன்றைய காட்சியில் அவளுடைய உயிர்த் தோழி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். குனிந்து, கலைச்செல்வியின் வலது காதில், “எங்கம்மா பொழைக்க மாட்டாங்களாம்டி, டாக்டர் கைய விரிச்சிட்டாரு” என்கிறாள். கலைச்செல்வி திரும்பிப் பார்த்து, அழகாகச் சிரிக்கிறாள்.

“சிரிக்கறாளா?” பின் சீட்டிலிருந்து சுமதி எழுந்தே விட்டாள். “இன்னாடி பொம்பள அவ? பெத்த தாயி சாவக் கெடக்குதுன்னு சொல்றா, இவ பல்லக் காட்டிகினு கீறா!”

முன் சீட்டுகளில் இருந்தவர்களோ “அய்யோ” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். “போயும் போயும் அந்தப் பக்கமா போயி...” என்று ஒருத்தி ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்தவள் அவள் வாயைப் பொத்தினாள்.

“நீங்க இன்னாத்துக்கு அவளுக்கு உச்சு கொட்றீங்க? திமிரு புடிச்சவ!” என்றாள் சுமதி.

“ஒனக்கு இன்னா தெரியும்? சும்மா வாய மூடிகினு கத கேளு!” என்றது முன் சீட்டு.

“ஏன், அவ இன்னா ஒங்க வூட்டு மருமவளா?”

டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “எம்மா, மெதுவாம்மா, லாரிக்காரன்லாம் எறங்கிப் பாக்கறான்” என்றார்.

வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரேமா மட்டும் டிபன் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்

பிரேமாவுக்கு வலது காது கேட்காது. கலைச்செல்வி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பிரேமாவின் கதைதான். இது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும்.

முன் சீட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது வேறு. கதையில் வரும் கலைச்செல்விக்கு ஒரு காது கேட்காது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் கதை அது என்று தெரியாது. சுமதியும் பின் சீட்டுக்காரர்களும் எதுவுமே தெரியாதவர்கள். ஒரே பஸ்ஸில் இப்படி இரண்டு கட்சி எப்படி உண்டானது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

தொடர் எழுதுகிறவள் எடுத்த எடுப்பிலேயே முடிச்சை அவிழ்த்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்வார். செய்யட்டும். போன வாரம் ஹாஸ்டல் தண்ணீர்ச் சண்டையை எழுதியபோதும் இப்படித்தான் செய்தார். என் கோபத்தைப் பற்றி அவருக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் பிறந்த தொழில்

நான் சேரப்பணஞ்சேரிக்காரி. அப்போது கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். தையல் பிரிந்திருக்கிறதா, நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நாள் முழுக்க விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தும் தலையணை உறையைத் தடவிப் பார்ப்பேன். “எஸ்தர், அது பாஸா ஃபெயிலா?” என்று என் வீட்டுக்காரர் அருள் கிண்டல் செய்வார்.

கம்பெனி பஸ்ஸில் ஒரு டி.வி. இருந்தது. பாட்டு ஓடும், பாதி வழியில் கோடு கோடாக வரும், அப்புறம் ஒரு நாள் ஒரேயடியாகச் செத்துப்போனது. சரி பண்ணச் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்டது.

அந்த வாரத்தில் யாரோ முந்தின நாள் சீரியலைத் தவறவிட்டிருந்தார்கள். நான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கொஞ்சம் கை வைத்துச் சொன்னேன். மறுநாள் ஒருத்தி வந்து, “நீ சொன்னா மாதிரி அவ அறையவே இல்லியே, அழுதுகினு போயிட்டாளே” என்று புகார் செய்தாள். “அறைஞ்சிருக்கணுமா வேணாமா?” என்று கேட்டேன். “அறைஞ்சிருக்கணும்” என்று பஸ்ஸே சொன்னது. அன்றோடு சீரியலை விட்டுவிட்டு என் கதையையே கேட்க ஆரம்பித்தார்கள்.

மறைமலை நகரில் ஒரு இலக்கியக் கூட்டத்தில், எழுதுவதற்கு எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பஸ்ஸில் என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை. களைத்துப்போய், செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது லேசான காரியமா? கொஞ்சம் இழுத்தால் குறட்டை கேட்கும். அந்தக் குறட்டைதான் எனக்கு முதல் விமர்சனம். அந்தப் பஸ்ஸில் கற்றதை வைத்துத்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன். அந்தப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் நான் கடன்பட்டவள்.

பொன்னுக்கு வீங்கி

பிரேமா வடக்குப்பட்டுக்காரி. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்குத் தையல் மெஷின், எனக்குத் தரம் பார்க்கும் மேஜை.

தையல் லைனில் அவளுக்கு ‘மகாராணி’ என்று பட்டப்பெயர். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோர சீட் வேண்டும் என்று மல்லுக்கு நிற்பாள். யாராவது ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒரு நிமிஷம் கழித்துச் சிரிப்பாள். இவ்வளவையும் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொஞ்சம் மிதப்பான பெண், ஆனால் நல்லவள் என்று நினைத்துப் பழகினேன்.

ஒரு நாள் டீ நேரத்தில் அவள் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கேன்டீன் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வலது பக்கத்திலிருந்து சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்தது. ஓட்டுகிறவன் ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். அவள் பாட்டுக்கு நடந்தாள். அவன் போட்ட பிரேக்கில் வண்டி மேலிருந்த துணி உருளை அவள் காலடியில் வந்து விழுந்தது.

சூப்பர்வைசர் பாஸ்கர் சார் ஓடி வந்தார். “காதுல என்ன பஞ்சு வெச்சிருக்கியா?” என்று கத்தினார். லைனே சிரித்தது. பிரேமாவும் சிரித்தாள்.

அப்புறம் தண்ணீர்க் குழாய் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். வலது காதைத் தொட்டுக் காட்டினாள். “எஸ்தரு, எனக்கு இந்தக் காது கேக்காதுடி” என்றாள்.

“எப்பலேர்ந்துடி?” என்றேன்.

“சின்னப் புள்ளைல பொன்னுக்கு வீங்கி வந்துச்சி. வீக்கம் போச்சி, கூடவே காதும் போயிருச்சி. சத்தம் கேக்கும், ஆனா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது.”

“வேலைக்குச் சேரச்சே டெஸ்ட் பண்ணாங்களே?”

“கண்ணப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. காதப் பத்தி யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

“இப்பயாச்சும் சொல்லுடி. ஒரு நாளு அந்த வண்டி மேல ஏறிடும்.”

“அது எனக்குத் தெரியாதா? சொன்னா வேலைல வெச்சுப்பாங்களா? அப்பிடியே வெச்சுகினாலும் இவளுங்க இருக்காளுங்களே! மூஞ்சிக்கு முன்னாடி பாவம்னுவாளுங்க, அந்தாண்ட போயி செவிடின்னுவாளுங்க. பள்ளிக்கூடத்துல பூரா அத்தான் என் பேரு. மறுபடியும் என்னால முடியாது.”

சொல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து, சொன்னால் பிழைப்புக்கு ஆபத்து. கடைசியில் ஒரு வழி சொன்னதும் அவள்தான்.

“பஸ்ல கத சொல்றியே, என்ன வெச்சி ஒண்ணு சொல்லு. பேர மாத்திக்கோ, கம்பெனிய மாத்திக்கோ. இன்னா சொல்றாளுங்கன்னு பாக்கறேன். அதுக்கப்புறம் சொல்றதா வேணாமான்னு நானே முடிவு பண்ணிக்கறேன்.”

பள்ளிக்கூடத்துத் தோழி விஷயத்தையும் அப்போதுதான் சொன்னாள். அந்தப் பெண் வலது காதில் என்னமோ சொன்னாள். ஏதோ சந்தோஷ சமாசாரம் என்று நினைத்து இவள் சிரித்துவைத்தாள். அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். “அவ இன்னா சொன்னான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாதுடி” என்றாள் பிரேமா. அதைக் கேட்டு நான் அழுதேன். அவள் அழவில்லை. கதையில் தோழி சொல்லும் வார்த்தைகள் நானாக வைத்தவை.

எப்போது உடைப்பது?

“காது விசயத்த எப்ப சொல்லுவ?” என்று பிரேமா கேட்டாள்.

“கடைசில.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் திட்டுவாளுங்க. நல்லாத் திட்டட்டும். எவ்ளோ திட்றாளுங்களோ அவ்ளோ அழுவாளுங்க கடைசில.”

அப்போது என் தொழில் ஞானம் அவ்வளவுதான். ரகசியம் என்றால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கடைசி நாளில் டபக்கென்று திறக்க வேண்டும். எல்லோரும் ஆவென்று வாயைப் பிளக்க வேண்டும். எந்த சீரியலைப் பார்த்தாலும் அப்படித்தானே இருந்தது?

பிரேமாவும் தலையாட்டினாள். கடைசியில் பஸ்ஸே அழும் என்றதில் அவளுக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது.

கதை பிய்த்துக்கொண்டு போனது. கலைச்செல்வியை யாருக்கும் பிடிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பாதவள், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவள், லேட்டாகச் சிரிக்கிறவள். “நம்ம மகாராணி மாதிரியே ஒருத்தி” என்று ஒருத்தி சொல்ல, பிரேமாவும் சேர்ந்து சிரித்தாள். சுமதி அவளைத் திட்டுவதற்கென்றே தினமும் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு கதையை நான் சொன்னதே இல்லை என்று பூரித்துப் போயிருந்தேன்.

ஆனால் வடக்குப்பட்டு ஸ்டாப்பில் இறங்கும்போது பிரேமாவின் முகம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு நாள், “வேணாம்டி, நான் சொல்லப் போறதில்ல. இவளுங்க எப்பிடின்னு தெரிஞ்சு போச்சி” என்றாள். “கடைசி வரைக்கும் பொறுடி” என்றேன். “கதைல கடைசி வரும். என்னை இவளுங்க தெனமும் திட்றது இப்ப” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பஜ்ஜிக்கு முன்னால்

இங்கே என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைப் பெண் பார்க்க அருள் வீட்டார் வந்தபோது, பாயில் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அம்மா அறிவித்துவிட்டாள்: “எங்க பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்திங்க.”

அப்பா தட்டோடு நின்றுவிட்டார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப்போய், “கல்யாணம் ஆனப்புறம் தெரிஞ்சுக்கட்டும்னு வுடாம, இப்பவே இன்னாத்துக்கு இத்தச் சொன்ன?” என்று கடிந்துகொண்டாள். “இப்ப தெரிஞ்சா அவளப் பாப்பாங்க. அப்புறம் தெரிஞ்சா நம்ம ஏமாத்திட்டோம்னு நம்மளப் பாப்பாங்க” என்றாள் அம்மா. அடுப்படியில் பேசினால் கூடத்தில் கேட்காது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

அருள் இன்றைக்கும் சொல்வார்: “ஒங்கம்மா சொன்னதுலேர்ந்து எப்ப கோவம் வரும், எப்ப வரும்னு காத்துகினே இருந்தேன். வந்த அன்னிக்கு அப்பாடான்னு இருந்துச்சி.” முதல் சண்டையில் நான் டம்ளரை விட்டெறிந்தபோது அந்த மனுஷன் சிரித்தார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது, அது வேறு விஷயம்.

பஜ்ஜிக்கு முன்னாலேயே அம்மா அதைச் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. புரியவைத்தவள் கோட்டீஸ்வரி.

கோட்டீஸ்வரியின் ஓ.டி.

கோட்டீஸ்வரி காஞ்சிபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். லைனில் பிரேமாவுக்கு வலது பக்க மெஷின். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மெஷின் சத்தத்தையும் மீறிப் பேசுவாள்.

கலைச்செல்வி ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தாள். கேன்டீனில் என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னால்தான் தருவேன் என்றாள். சொல்லித் தொலைத்தேன். “அவளுக்கு வலது காது கேக்காது. அத்த மறச்சிகினு இருக்கா. நம்ம பஸ்ல ஒரு வார்த்த வந்துச்சி, கொன்னுடுவேன்.” பிரேமாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாதாவின் மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். “நான் முருகனுக்குத்தான் பண்ணுவேன்” என்று முருகன் மேல் சத்தியம் செய்தாள்.

அந்தச் சமயம் ஆர்டர் குவிந்து கிடந்தது. கோட்டீஸ்வரி ஷிஃப்ட் முடிந்த பிறகும் இருந்து ஓ.டி. பார்க்க ஆரம்பித்தாள். ஓ.டி. பார்க்கிறவர்கள் எங்கள் பஸ்ஸில் வர முடியாது. சாயங்காலம் ஜெனரல் ஷிஃப்டுக்காரர்களோடு வேறு பஸ்ஸில் போக வேண்டும். அந்தப் பஸ்ஸில் கதை சொல்ல ஆள் இல்லை. இவள் சும்மா இருப்பாளா?

என் கதையை அங்கே ஆரம்பத்திலிருந்து சொல்லியிருக்கிறாள். முதல் வரியே இப்படித்தானாம்: “ஒருத்திக்கு ஒரு காது கேக்காது, யார்கிட்டயும் சொல்லாம வேலைக்குப் போயிகினு கீறா. இப்ப கேளுங்க.”

எனக்கு விஷயம் தெரிந்தபோது வந்த ஆத்திரம் இருக்கிறதே! அம்மா இருந்திருந்தால் அருள் வீட்டாரிடம் இன்னும் ஒரு முறை எச்சரித்திருப்பாள். “சத்தியம் பண்ணியேடி பாவி!” என்றேன்.

“நம்ம பஸ்ல சொல்லக் கூடாதுன்னுதான சொன்ன? அது ஜெனரல் பஸ்ஸு.” அவள் முகத்தில் கள்ளமே இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

அடுத்த வாரமே புதிதாக ஒரு லைன் போட்டார்கள். ஜெனரல் ஷிஃப்ட் பெண்களை எங்கள் ஷிஃப்டில் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் எங்கள் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஓ.டி. முடிந்து கோட்டீஸ்வரியும் வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். பழைய ஆட்கள் பின்னுக்குப் போனார்கள்.

ஒரே காட்சி, இரண்டு பஸ்

அந்த மத்தியானம் கூட்ரோட்டில் நான் கண்ணால் பார்த்தேன். சொன்னது ஒரே காட்சிதான், ஒரே வார்த்தைகள்தான். தெரியாதவர்கள் கலைச்செல்வியை வெளியிலிருந்து பார்த்துத் திட்டினார்கள். தெரிந்தவர்களோ அவளுக்காகப் பதறினார்கள். தோழி குனியும்போதே, “இந்தப் பக்கம் வாடி, இந்தப் பக்கம் வா” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கடைசி நாளுக்கென்று நான் பூட்டி வைத்திருந்த கண்ணீர், அங்கே நடுக் கதையிலேயே வந்துகொண்டிருந்தது.

எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் கட்டிக் காத்த கதையைவிடக் கோட்டீஸ்வரி போட்டு உடைத்த கதை நன்றாக இருந்தது.

“அப்டி இன்னாதான் தெரியும் ஒங்களுக்கு? சொல்லுங்களேன் கேப்போம்!” என்றாள் சுமதி.

புதிதாக வந்தவர்களில் முத்துலட்சுமி என்று ஒருத்தி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அதுவரை அதிகம் பேசாதவள் எழுந்து திரும்பினாள்.

“தெரியும்க்கா. ஆனா சொல்ல மாட்டோம். அவளா வாயத் தொறந்து சொல்லுத வரைக்கும் நாம சொன்னா நல்லாருக்காது. அவ சொன்னதுக்குப் பொறவு யாராச்சும் அவள ஒத்த வார்த்த சொல்லட்டும், நாங்க பாத்துக்கிடுதோம்.”

“ஆமா, பாத்துக்குவோம்!” என்றாள் கோட்டீஸ்வரி. முன் சீட்டு முழுக்க ஆமாம் போட்டது.

லாரி நகர்ந்தது, பஸ்ஸும் நகர்ந்தது. நான் கதையை விட்ட இடத்தில் பிடிக்கப் போனேன்.

“எஸ்தரு, நிறுத்து.”

பிரேமா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை முன் சீட்டுக் கம்பியில். வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“அது நான்தான். கலைச்செல்வின்னு யாருமில்ல. எனக்குத்தான் வலது காது கேக்காது. சின்னப் புள்ளைலேர்ந்து. அன்னிக்கு ஃபோர்க்லிஃப்ட் ஹாரனும் எந்தப் பக்கம்னு தெரியல.”

ஏகாம்பரம் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார்.

முதலில் அழுதவள் சுமதி. அழுததைக்கூடக் கோபமாகத்தான் அழுதாள். “முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடி ஒனக்கு? எத்தினி வாட்டி மகாராணி மகாராணின்னு...” என்று பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, “நீயும் தெரிஞ்சிகினேதான் என்ன அவளத் திட்ட வுட்டியா?” என்றாள். நான் ஏகாம்பரம் அண்ணனுக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டேன்.

கோட்டீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. “அடிப்பாவி! லைன்ல ஒன் வலது பக்கத்துல குந்திகினு என் மாமியா கத பூரா சொன்னனேடி! கண்ணுல தண்ணி வுட்டுச் சொன்னனேடி!”

“வாய் அசையறது தெரியும்டி. மெஷின் சத்தத்துல இன்னா சொல்றன்னு தெரியாது.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட.”

“ஊருலயே குறுக்க பேசாம கேக்கறவ இவ ஒருத்திதான்னு ஆசயா சொல்லிகினு இருந்தனே!”

பஸ் வெடித்துச் சிரித்தது. பிரேமாவும் சிரித்தாள், எங்கள் எல்லோரோடும் சேர்ந்து, அதே நொடியில்.

சொன்ன பிறகு

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் லைன் ஓரம் வட்டமாக நிற்போமே, அந்த மீட்டிங்கில் பிரேமா கையைத் தூக்கினாள். பாஸ்கர் சாரிடம் தானே சொன்னாள். காதில் பஞ்சா என்று தான் கத்தியது அந்த மனுஷருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மேல சொல்லித்தான் ஆகணும்மா” என்று மட்டும் சொன்னார்.

ஹெச்.ஆரில், சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்றார்களாம். “சொல்லிருந்தா சேத்திருப்பீங்களா சார்?” என்று கேட்டாளாம். டாக்டர் பரிசோதித்து எழுதித் தரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்கள் இருக்கிறதே, யாருக்கும் வரக் கூடாது. அவள் மெஷின் சும்மா கிடந்தது. நான்தான் கதையைக் கிளப்பி அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ என்று இருந்தது. பஸ்ஸில் கதை வேண்டும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. டீ நேரத்தில் சுமதியும் கோட்டீஸ்வரியும் முத்துலட்சுமியும் இன்னும் கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு ஹெச்.ஆர். வாசலில் போய் நின்றார்கள். “அவ தச்சதுல ஒரு பீஸு திரும்பி வந்துருக்கா, சொல்லுங்க சார்” என்று சுமதி கேட்டாள். நான் தரம் பார்க்கிறவள். வந்ததில்லை என்று நானும் போய்ச் சொன்னேன்.

பிரேமா திரும்பி வந்தாள். வேலை போகவில்லை. வரிசையின் கடைசி மெஷினைக் கொடுத்தார்கள். வலது பக்கம் சுவர்; கேன்டீனுக்கு ஃபோர்க்லிஃப்ட் பாதையைத் தாண்டாமல் போகலாம். அன்றைக்குப் பஸ்ஸில் ஏகாம்பரம் அண்ணன் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

கலைச்செல்வி கதையை நான் முடிக்கவே இல்லை. அதற்கப்புறம் எழுதிய எந்த நாவலிலும் முக்கியமான ரகசியத்தைக் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கியதும் இல்லை. எழுத வருகிறவர்கள், ரகசியத்தை எந்த அத்தியாயத்தில் உடைப்பது என்று கேட்கிறார்கள். அதுவரை வாசகர் அவளைத் திட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா, அவளுக்காகப் பயந்துகொண்டு இருக்க வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பதில் அதிலேயே கிடைத்துவிடும். சில கதைகளுக்குத் திட்டுவதும் வேண்டியிருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதையில் வருகிறவள் அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் யோசித்துச் சொல்லுங்கள். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது கோட்டீஸ்வரியின் ஓட்டை வாய். அந்த வாய்க்கு ஆயிரம் நன்றி.

பிரேமா திரும்பி வந்த அன்றே கோட்டீஸ்வரி பாஸ்கர் சாரிடம் போய், பிரேமாவுக்கு இடது பக்க மெஷினைத் தனக்குத் தர வேண்டும் என்று நின்றாள்.

“ஏம்மா, உன் மெஷினுக்கு என்ன?”

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல சார். இவகிட்ட ஒரு வேல பாக்கி கீது.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி போ என்றார். கோட்டீஸ்வரி பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிரேமாவின் இடது காதருகில் குனிந்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு எங்க மாமியா இன்னா பண்ணுச்சி தெரியுமா? மொதல்லேர்ந்து சொல்றேன், கேளு.”

“இரு, இரு. மாமியாக்கு எந்த ஊரு? கல்யாணம் எங்க நடந்துச்சி?” என்றாள் பிரேமா.

“அய்ய, குறுக்க பேசாதடி!” என்றாள் கோட்டீஸ்வரி.